அக்காக்களின் காலை

எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ‘பயர் ஆபீஸ்’ என்று பெயர். தீப்பெட்டித் தொழிற்சாலை ‘தீப்பெட்டி ஆபீஸ்’. மேசையும் நாற்காலியும் இல்லாத ஆபீஸ். தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுவதும், திரி வைப்பதும், சரம் பின்னுவதும், டப்பாவில் அடைத்து லேபிள் ஒட்டுவதும் அங்கே நடக்கிற வேலை. “அம்மா எங்கம்மா?” என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையிடம் கேட்டால், “ஆபீசுக்குப் போயிருக்கு” என்று சொல்லும். வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியைகள் முதல் வாரம் இந்தப் பதிலைக் கேட்டு, பரவாயில்லையே, அம்மாக்கள் எல்லாம் உத்தியோகம் பார்க்கிறார்களே என்று நினைப்பார்கள். பிள்ளையை விட வருகிற அம்மாவின் கையில் ஒட்டியிருக்கும் வெள்ளிநிற அலுமினியப் பொடியைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கும்.

ஆனைக்குட்டம் சிவகாசி ஒன்றியத்து ஊர். குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை. ஆனை இறங்கிக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடந்த இடம் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம். அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டிய ஆனைக்குட்டம் அணையிலிருந்து விருதுநகருக்குக் குடிதண்ணீர் போகிறது. அணையின் ஷட்டர் வழியே தண்ணீர் கசிந்து வீணாகும் செய்தியும் பல வருஷமாகப் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கிறது. பெயரில் தண்ணீர் இருந்தாலும் சுற்றுவட்டாரம் கரிசலும் வெயிலும்தான். மானாவாரி வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாத பூமி. அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாகிப் போனது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. அந்தத் தொழிலில் உட்கார்ந்து கை ஓய்ந்த பெண்களின் கதை அப்படி யாருக்கும் மனப்பாடம் இல்லை.

ஆபீஸ் பஸ் காலை ஏழு மணிக்கு வந்துவிடும். சில ஊர்களுக்கு அதற்கும் முன்னால். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கித் தூக்குச்சட்டியில் அடைத்து, ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு ஓட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் பஸ் போய்விடும். பஸ் போனால் அன்றைய கூலி போச்சு. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது ஒன்பதுக்கு மேல். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் பிள்ளைகள் யார் கையில் இருக்கிறார்கள்?

அப்பா கையில் என்று யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. அவரும் ஏதோ ஒரு பஸ்ஸில் போயிருப்பார், இல்லையென்றால் வீட்டிலேயே இருந்தாலும் கணக்கில் வரமாட்டார். அப்பத்தாவோ அம்மாச்சியோ திடமாக இருக்கிற வீடு கொடுத்துவைத்த வீடு. மற்ற வீடுகளில் எல்லாம் அக்காதான். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிற அக்கா.

நான் தமிழ் படித்தவள், கல்லூரியில் அகப்பாடல் நடத்துகிறவள். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி, அந்தச் செவிலியின் மகள் தோழி என்று இலக்கணம் மூன்று பெண்களைத் தலைவியைச் சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்தை எடுக்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் ஞாபகம் வரும். இங்கே செவிலிக்கு ஒன்பது வயது. தோழியும் அவளேதான். தம்பிக்கு முகம் கழுவி, தங்கைக்கு இரட்டைச் சடை போட்டு, இருக்கிற பழைய சோற்றைப் பங்கு வைத்து, கடைசியில் சட்டியில் எஞ்சியதைத் தான் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். எஞ்சாத நாளில் குடிக்காமல் வருவாள்.

இந்த அக்காக்களில் நானும் ஒருத்தி. என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் படித்தது ஓர் ஆர்.சி. பள்ளிக்கூடம். ஊரில் ‘சாமியார் பள்ளிக்கூடம்’ என்பார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்தில் எந்த ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் படித்தவளைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே கதையைத்தான் சொல்வாள். தாமதமாக வந்தால் வாசலில் முட்டி போட வேண்டும். தம்பியைப் பாலர் வகுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்து நான் முட்டி போட்ட நாட்கள் நிறைய. ஏன் தாமதம் என்று கேட்டவர்கள் உண்டு, என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்டதில்லை. “பொம்பளப் பிள்ளைக்குப் பொறுப்பு வேணும்” என்பது அந்த வாசலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். எட்டு வயதில் மூன்று பேருக்குச் சோறு பங்கு வைத்துவிட்டு வந்தவளிடம் சொல்லப்பட்ட வாக்கியம்.

கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி என்றதும் வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. கட்டணம் வாங்கும் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளை நான் சொல்லவில்லை. கிராமங்களில் இருப்பவை அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. கட்டடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்துடையது அல்லது கன்னியர் சபையுடையது. கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளி, பள்ளிக்குப் பக்கத்தில் சிஸ்டர்களின் மடம். பங்குச் சாமியார் திருவிழாவுக்குக் கொடி ஏற்றினால் பள்ளி மைதானத்தில்தான் பந்தல் போடுவார்கள். படிக்கிற பிள்ளைகளில் பலர் வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. மாரியம்மனுக்கு முடி இறக்கி மொட்டைத்தலையோடு வரும் பிள்ளை காலைக் கூட்டத்தில் சிலுவை போட்டு ஜெபம் சொல்லும். டிசம்பரில் குடில் ஜோடிக்க எல்லா வீட்டிலிருந்தும் வைக்கோல் வரும். பொங்கலுக்குப் பள்ளி வாசலில் பானை வைப்பார்கள். இதில் யாருக்கும் எந்தத் தடுமாற்றமும் கிடையாது. எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் சேந்திய மாதிரி அந்த வளாகத்தைப் பொதுவில் வைத்துப் புழங்கினார்கள்.

அந்தப் பொதுவுக்குள் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தாளர் பாமா பிறந்த புதுப்பட்டி இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1992இல் வந்த அவருடைய ‘கருக்கு’, மடத்தையும் அதன் பள்ளிக்கூடங்களையும் ஒரு தலித் கிறிஸ்தவப் பெண் உள்ளே இருந்து பார்த்துச் சொன்ன புத்தகம். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியாஸ்திரியாகப் போய், மடம் யாருக்காக இயங்குகிறது என்பதைக் கண்டு வெளியே வந்தவர் அவர். வகுப்பில் அந்தப் புத்தகத்தை நடத்தும்போது மாணவிகள் தங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வது முகத்திலேயே தெரியும். யார் கையில் விளக்குமாறு கொடுக்கப்பட்டது, யார் கையில் பூச்செண்டு கொடுக்கப்பட்டது என்று அவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். விளக்குமாறு பிடித்தவர்கள் அநேகமாகப் பெண்பிள்ளைகள். அதிலும் எந்தத் தெருவுப் பெண்பிள்ளைகள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரே வரியில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணம், அது இல்லாமல் போயிருந்தால் நான் எங்கே போயிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போயிருப்பேன்.

அப்போது அந்த பஸ் பிள்ளைகளுக்கானது. விடியும் முன்னே ஊர் ஊராக வந்து ஹாரன் அடித்துச் சிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என்னோடு படித்த பெண்பிள்ளைகளில் பலர் மூன்றாவதோடும் நான்காவதோடும் நின்று அதில் ஏறிவிட்டார்கள். சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய 1976இல் ஹர்பன்ஸ் சிங் தலைமையில் குழு அமைத்தார்கள். 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை தீக்குச்சியில் இருக்கும் ரத்தத்தை நாடறியச் சொன்னது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990இல் சலம் பென்னுர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளை உலகம் பார்த்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அபாயகரமான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணத்தைக் குழந்தையின் நலனுக்கான நிதியில் போட வேண்டும் என்றது.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் பஸ் நிற்கவில்லை. பிள்ளைகள் இறங்கிய இருக்கைகளில் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். முன்பு பிள்ளை ஏறியபோது வீட்டில் அம்மா இருந்தாள். இப்போது அம்மா ஏறிப் போனதும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. ஆபீஸ் வாசலுக்குப் போகாத பெண்பிள்ளை வீட்டுக்குள் அம்மாவின் வேலையைத் தலையில் வைத்துக்கொண்டாள். அதைக் குழந்தை உழைப்பு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. வீட்டு வேலையைச் சட்டம் உதவி என்றும், ஊர் பொறுப்பு என்றும் சொல்லிவிடும். ஆம்பளைப் பிள்ளை அதே வயதில் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருப்பான். அவனை யாரும் பொறுப்பில்லாதவன் என்று சொல்வதில்லை.

மாணவர் நலன் என்ற சொல் இப்போது எல்லாப் பள்ளிகளின் சுவரிலும் எழுதப்பட்டிருக்கிறது. நலவாழ்வுப் பயிற்சி, ஆலோசனை வகுப்பு, நீதிபோதனை, மனமகிழ்ச்சி நாள் என்று பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் இரண்டாம் பாடவேளையில் கண் சொருகும் பெண்பிள்ளையை ‘கவனக்குறைவு’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதும்வரை இவை எல்லாம் சுவரில் இருக்கும் எழுத்துதான். கவனம் குறைந்த பிள்ளை இல்லை அவள். விடிந்ததிலிருந்து மூன்று பேர்மீது கவனத்தைச் செலவழித்துவிட்டு மிச்சத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவள்.

இந்த இடத்தில்தான் ஒரு தட்டு உப்புமா என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

பள்ளியில் சோறு போடுவது நமக்குப் புதிதில்லை. 1920இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். சத்துணவில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்ற வேறுபாடு இருந்ததில்லை. மதியம் ஒரு மணிக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளையும் சாமியார் பள்ளிப் பிள்ளையும் ஒரே அரிசியைத்தான் தின்றார்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,14,000 பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் சுமார் 31,000 அரசுத் தொடக்கப்பள்ளிகள். உதவிபெறும் பள்ளிகள் அதில் இல்லை. ஒரே தெருவில், ஒரே பயர் ஆபீசுக்குப் போகும் இரண்டு அம்மாக்களின் பிள்ளைகளில் ஒன்று எட்டேகால் மணிக்குச் சுடச்சுடக் கிச்சடி சாப்பிட்டது. மற்றது முந்தின நாள் சோற்றை உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தது. மதியம் ஒன்றாக இருந்த பிள்ளைகள் காலையில் இரண்டாகப் பிரிந்தார்கள். அம்மா வேறு பள்ளியில் சேர்த்தாள் என்பதைத் தவிர அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு வேறு குற்றம் இல்லை.

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ஓர் ஆர்.சி. பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர், கேட்டை ஏழே முக்காலுக்கே திறந்து வைத்தார். வருகிற பிள்ளைகளுக்கு மடத்து அடுப்பில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தார். எல்லா நாளும் முடியவில்லை, வாரத்தில் இரண்டு நாள் மூன்று நாள். “கஞ்சிக்கு ஆசைப்பட்டு வேதத்துல சேத்துருவாங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்களோன்னு அதுக்கும் பயப்பட வேண்டியிருக்கு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயமான ஒரு பயமும் இருந்தது. பசித்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவது ஒரு தனிப்பட்ட பெண்ணின் இரக்கமாக இருக்கும்வரை அதற்கு உள்நோக்கம் கற்பிக்கலாம், நாளைக்கு அவர் மாற்றலாகிப் போனால் கஞ்சியும் போய்விடும். அது உரிமையாக வந்து உட்கார வேண்டும்.

2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் திட்டத்தை விரிவாக்கினார். 3,995 பள்ளிகள், 2,23,536 பிள்ளைகள். 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இரண்டு தடவையும் கத்தோலிக்கப் பள்ளிகள் மேடையானது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அந்த அன்னாள் என்ற பெயர் பிடித்திருந்தது. மாதாவைப் பெற்ற தாய் அவர், ஏசுவுக்கு அம்மாச்சி. அம்மா வேலைக்குப் போன வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற முறை அம்மாச்சிக்குத்தானே உண்டு.

எங்கள் பக்கத்துப் பள்ளியில் என்ன மாறியது என்று கேட்டால், வருகைப் பதிவேட்டைக் காட்டுவார்கள். நான் அக்காக்களைப் பார்த்தேன். எட்டு மணிக்கெல்லாம் தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை, பங்கு வைக்க வேண்டியதில்லை. முதல் வாரத்தில் ஒரு நான்காம் வகுப்புப் பெண் தன் தட்டைத் தொடாமல் தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பழக்கம். பரிமாறுகிற அக்கா வந்து, “ஒனக்குத்தான் தாயி இது, அவனுக்குக் காணாட்டி நான் வைப்பேன்ல” என்று சொன்ன பிறகும் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு சாப்பிட்டாள். அவள் வயிற்றுக்கு அது காலை உணவு. எனக்கு அது வேறொன்றாகவும் தெரிந்தது. தனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது, அதில் இருப்பதை யாருக்கும் பங்கு வைக்க வேண்டியதில்லை என்பதை ஒரு பெண்பிள்ளை கற்றுக்கொள்வதை நான் பார்த்தேன். பெண்ணியத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். தட்டில் பார்ப்பது அன்றைக்குத்தான்.

எட்டே முக்காலுக்குச் சாப்பாடு முடிந்து மணி அடிக்க நேரம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அந்த அக்காக்கள் பாண்டி ஆடுகிறார்கள். வகுப்புக்கு முன்னால் விளையாடுவதற்கு அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. மாணவர் நலன் என்று யாராவது எனக்கு விளக்கம் கேட்டால், மண்ணில் கீறிய அந்தப் பாண்டிக் கட்டங்களைத்தான் காட்டுவேன்.

சமைக்கிறவர்களையும் பார்க்க வேண்டும். கிராமங்களில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் பெண்ணுக்கே முன்னுரிமை. அவர்கள் ஐந்தரை மணிக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். கிடைப்பது சொற்பம். அதிலும் சாதி குறுக்கே வரும். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழியும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே, அறுபத்தேழு வருஷம் கழித்து, சமைத்த கை யாருடையது என்ற கேள்வி உயிரோடு இருந்தது. பிள்ளைகள் அந்தக் கேள்வியோடு பிறப்பதில்லை, வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுவருகிறார்கள்.

சிஸ்டர்களின் உழைப்பும் இதே அடுப்பைச் சேர்ந்ததுதான். உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரிக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்பதால் அது சபைக்குப் போய்விடுகிறது. அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு வருஷக்கணக்காக நடந்து, பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சபையும் அரசும் அந்தப் பணம் யாருடையது என்று வாதாடியபோது, காலை ஏழே முக்காலுக்குக் கேட்டைத் திறந்த அந்தப் பெண்மணியின் கையில் அது ஒருநாளும் தங்கியதில்லை என்பதை நான் யோசித்தேன். துறவு அவர் விரும்பி எடுத்தது, நான் அதில் தலையிடவில்லை. ஆனால் ஆபீசில் சரம் பின்னுகிறவள், அடுப்பில் கிச்சடி கிண்டுகிறவள், மடத்திலிருந்து வந்து பாடம் நடத்துகிறவள், வீட்டில் தம்பிக்கு முகம் கழுவுகிறவள் என்று நான்கு பெண்கள் ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறார்கள். ஒருத்திக்குக் கூலி குறைவு, ஒருத்திக்குச் சொற்பம், ஒருத்திக்குக் கையில் எதுவும் இல்லை, ஒருத்திக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. சமூகம் என்று நாம் பெருமையாகச் சொல்வது இவர்கள் நான்கு பேரையும்தான்.

இந்த நால்வரில் ஒருத்தி போய்விட்டால் என்ன ஆகும் என்பதும் எங்கள் பள்ளிகளுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்றைக்கு முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் டீச்சருக்குக் கொடுத்த ரோஜாப்பூ மேசையில் இருந்தபோதே செய்தி வந்தது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளம். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 காலை சின்னக்காமன்பட்டி. கல்லுக்குவாரியில் வைக்கும் வெடியின் சத்தம் எது, சோதனைக்கு வெடித்துப் பார்க்கும் பட்டாசின் சத்தம் எது, இவை இரண்டும் இல்லாத சத்தம் எது என்று எங்கள் பக்கத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். மூன்றாவது சத்தம் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எந்த டீச்சரும் அப்போது “சத்தம் போடாதே” என்று சொல்ல வேண்டியிருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா இன்றைக்கு எந்த ஆபீசுக்குப் போனாள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

விபத்து நடந்த வீடுகளுக்குச் சாயங்காலம் போகிறவர்களில் சிஸ்டர்கள் முதலில் இருப்பார்கள். அன்பியத்துப் பெண்கள் வந்து ஜெபமாலை சொல்வார்கள், வேதக்காரர் வீடாக இல்லாவிட்டாலும் வந்து உட்காருவார்கள். பதினாறு முடிந்து பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்குக் கூட்டிவருவது அவர்கள் வேலை. தம்பிகள் திரும்பி வந்துவிடுவார்கள். அக்கா வருவாளா என்பதுதான் கேள்வி. அம்மா இறந்த வீட்டில் அடுத்த அம்மா அவள். 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்து, அதற்காக ஐந்து கோடி ரூபாயில் நிதியம் தொடங்கச் சொன்னார். வேண்டிய அறிவிப்பு. ஆனால் அந்த நிதியத்தின் கதவு திறக்க ஒருத்தி இறந்திருக்க வேண்டும். உப்புமாவுக்கு அப்படி நிபந்தனை இல்லை. அதனால்தான் அதை நான் பெரிதாகச் சொல்கிறேன். உயிரோடு இருக்கிற அம்மாவுக்கும் உயிரோடு இருக்கிற அக்காவுக்கும் கொடுக்கப்பட்டது அது.

எது நலம் என்று பள்ளிகள் பேசும்போது அம்மாவின் வேலைநேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பேச்சு பள்ளிச் சுவருக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று விட்டுவிட முடியாது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பிள்ளையை வைத்திருக்க முடியாது என்பது நியாயம். அப்படியென்றால் ஊருக்குள் வைக்கலாம். செலவை ஆபீஸ் ஏற்கலாம். பஸ் அனுப்பத் தெரிந்த ஆபீசுக்கு இது முடியாத காரியம் இல்லை. பங்குச் சாமியாரும் சிஸ்டர்களும் திருவிழாவுக்கு முதலாளிகளிடம் நன்கொடை கேட்கிறார்கள். பந்தலுக்குக் கேட்பதுபோல் இதற்கும் கேட்கலாம்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பள்ளி நான்கு மணியை ஒட்டி விடுகிறது. ஆபீஸ் பஸ் ஆறுக்கு மேல்தான் திரும்பும். தீபாவளி நெருங்கினால் இன்னும் நேரமாகும். காலையின் இரண்டு மணி நேரத்தை அரசும் பள்ளியும் சேர்ந்து அந்தப் பெண்பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டன. சாயங்காலத்து இரண்டு மணி நேரம் இன்னும் அவள் இடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. வீடு பெருக்கி, விளக்கேற்றி, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, அதற்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சில பள்ளிகளில் சிஸ்டர்கள் மாலைப் படிப்பு நடத்துகிறார்கள். அங்கே ஆறரை மணிக்கு அம்மாக்கள் நேராக பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். கை கழுவக்கூட நேரம் இல்லாமல், பொடி படிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெரியவளின் தோளில் தொங்கும் மூன்று பைகளையும் வாங்கித் தங்கள் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பைகள் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அப்படி இடம் மாற வேண்டும்.